கோல்டன் அவரும் கங்காரு அவரும்: ஊட்னடாட்டா பாதையில் பத்து நாள்

கோவையிலிருந்து நண்பர்கள் மூன்று பேர், ஜூலையில், அடிலெய்டில் இறங்கிய பிறகு கையில் பத்து நாள். ஒரு வாடகை வண்டி, ஒரு மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 24–105 லென்ஸ். தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்து மண் சாலையான ஊட்னடாட்டா பாதையில் போய், உளுரு என்கிற செம்பாறைக் குன்றையும் பார்த்துவிட முடியுமா, ஒரு 16–35 அகல லென்ஸ் வாங்கிக்கொள்ளலாமா, அந்தப் பாலைவனத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது. இவைதானே உங்கள் கேள்விகள்? அந்தப் பாதையில் நான்கு முறை போய்வந்திருக்கிறேன். அதில் இரண்டு முறை உருப்படியாகப் படம் எடுத்திருக்கிறேன். மற்ற இரண்டு முறை என்ன ஆனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உளுரு. விட்டுவிடுங்கள். ஊட்னடாட்டா பாதை முடிகிற மார்லாவிலிருந்து உளுருவுக்கு இன்னும் சுமார் 500 கி.மீ. போக ஒரு நாள், வர ஒரு நாள் தார் ரோட்டிலேயே கரைந்துவிடும். படம் எடுக்கப் போகிறவர் பயணத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. எத்தனை காலை, எத்தனை மாலை கிடைக்கிறது என்று எண்ண வேண்டும். பத்து நாளில் உங்களுக்கு ஒன்பது மாலை, ஒன்பது காலை. மொத்தம் பதினெட்டு. மேகம், காற்று, அசதி, நண்பரின் வயிற்றுக்கோளாறு என்று அதில் பாதி போய்விடும். மிச்சம் இருப்பதில் நான்கை உளுருவுக்குப் போகும் சாலைக்குக் கொடுப்பானேன்?

அடுத்தது, பயப்பட வேண்டிய விஷயம். பாம்பு என்பீர்கள், தாகம் என்பீர்கள். ஜூலையில் பாம்பு பெரும்பாலும் குளிரில் சுருண்டு கிடக்கும். பயப்பட வேண்டியது மாலை ஐந்து மணிக்கு. போட்டோகிராபர்கள் உயிரை விடுகிற கோல்டன் அவரும், அதாவது சூரியன் மறையும் முன் வருகிற பொன் வெளிச்ச நேரமும், கங்காருக்கள் மேய வெளியே வருகிற நேரமும் ஒன்றே. அங்கே ஜூலையில் சூரியன் ஐந்தரை வாக்கில் மறையும். நாலரைக்கே மலையெல்லாம் சிவக்க ஆரம்பிக்கும். "அடுத்த வளைவில் இன்னும் நன்றாக இருக்கும்" என்று மிதிப்போம். கண் சாலையில் இருக்காது, மலையில் இருக்கும். என் இரண்டாவது பயணத்தில் ஹாக்கர் என்கிற சிற்றூருக்கு வடக்கே அப்படித்தான் ஆனது. புதரிலிருந்து ஒன்று தாண்டியது. பிரேக்கை மிதித்தேன், அது தப்பித்தது. அதன் பின்னாலேயே வந்த இரண்டாவது தப்பிக்கவில்லை. இடது ஹெட்லைட் போய், ரேடியேட்டர் ஒழுகி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் போனது. அந்த மாலையில் நான் எடுத்த ஒரே படம் உடைந்த ஹெட்லைட்டின் படம், அதுவும் இன்சூரன்ஸுக்கு. அப்போதுதான் வாடகை ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படித்தேன்: ஊர் எல்லைக்கு வெளியே இருட்டிய பிறகு விலங்கு மோதினால் இன்சூரன்ஸ் செல்லாது. நான் மோதியது இருட்டுவதற்கு இருபது நிமிஷம் முன்னால், பிழைத்தேன். உங்கள் ஒப்பந்தத்திலும் இந்த வரி இருக்கலாம், தேடிப் படியுங்கள்.

அதனால் என் திட்டம் முழுக்க ஒரே கணக்கில் போட்டது: எங்கே படம் எடுக்கிறீர்களோ அங்கேயே தூங்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும். மாலை வெளிச்சத்துக்கும் காலை வெளிச்சத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் கூடாரமோ அறையோ இருக்க வேண்டும். ஓட்டுவதெல்லாம் நடுப்பகலில்.

நடுப்பகல் வெளிச்சம் வீணாகப் போகிறதே என்று வருத்தப்படாதீர்கள். ஜூலையில் அந்த அட்சரேகையில் நண்பகல் சூரியன் சுமார் 40 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். கோவையில் ஏறக்குறைய காலை ஒன்பது மணிக்கு இருக்கிற உயரம். அதாவது நாள் முழுக்க நிழல் நீளமாகவே கிடக்கும். கற்களுக்குக் கூட ஓர் உருண்டை தெரியும். இன்னொன்று, இது நம்மூர்க்காரர்கள் எல்லோரும் முதல் இரண்டு நாள் கோட்டை விடுவது: அங்கே சூரியன் வடக்கு வானில் போகும். மலையின் தெற்கு முகம் குளிர்காலத்தில் பகலெல்லாம் நிழலில்தான் இருக்கும். எனவே இடிந்த வீட்டையோ பாலத்தையோ எந்தப் பக்கம் நின்று எடுப்பது என்று யோசிக்கும்போது, கோவைப் பழக்கத்தில் கால் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போங்கள்.

சரி, பாதை. அடிலெய்டிலிருந்து முதல் நாள் வில்பீனா, சுமார் 430 கி.மீ., முழுக்கத் தார் ரோடு. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், அட்ன்யமதன்ஹா பழங்குடி மக்களின் நிலம். இங்கே இரண்டு இரவு. ரேஸர்பேக் என்கிற முகட்டிலிருந்து, மண் சாலை பாம்பு போல நெளிந்து மலைக்குள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாநிலத்துச் சுற்றுலா விளம்பரம் பாதிக்கு மேல் அந்தப் படம்தான். எடுங்கள், தப்பில்லை. எனக்கு அதைவிட முக்கியமானது, வில்பீனாவுக்குப் பக்கத்தில் சமவெளியில் தனியாக நிற்கிற ஒரு ரிவர் ரெட் கம் மரம். ஹரால்ட் காஸ்னோ என்கிற போட்டோகிராபர் 1937-ல் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 'பொறுமையின் ஆன்மா' என்று தமிழில் சொல்லலாம், அப்படி ஒரு தலைப்பில் அது ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றாகிவிட்டது. மரத்துக்கே இப்போது அவர் பெயர்.

வேடிக்கை என்னவென்றால் மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் காஸ்னோ நின்ற இடத்தைத் தேடி, அதே கோணத்தில் அதே மரத்தை எடுத்துவிட்டுப் போகிறார்கள். நானும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மரத்தைக் காணோம், அவருடைய படத்தின் மோசமான நகல்தான் இருந்தது. அடுத்த முறை கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு அரை மணி நேரம் சுற்றி வந்தேன். அடிமரம் பிளந்து உள்ளே குடைவாக இருக்கிறது. வேர்கள் மண் அரித்துப் போனதால் முழங்கால் உயரத்துக்கு வெளியே வந்து, கிழவரின் கை நரம்பு போலத் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பட்டை ஓரிடத்தில் சாம்பல், ஓரிடத்தில் இளஞ்சிவப்பு, ஓரிடத்தில் ஏறக்குறைய நீலம். கறுப்பு வெள்ளையில் அவர் எடுக்கவே முடியாத ஒன்று அந்த நிறம். அதைத்தான் எடுத்தேன். புகழ்பெற்ற இடங்கள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்: போஸ்ட்கார்டு படத்தை முதல் ஐந்து நிமிஷத்தில் எடுத்து முடித்துவிடுங்கள், மனசு அதிலிருந்து விடுபடும்.

மூன்றாம் நாள் வடக்கே, லிண்ட்ஹர்ஸ்ட் தாண்டி ஃபரீனா. கோதுமை விளையும் என்று நம்பி 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஊர். ஃபரீனா என்றாலே லத்தீனில் மாவு. மழை ஏமாற்றியது, இப்போது கூரையில்லாத கல் சுவர்கள் மட்டும். குளிர்காலத்தில் சில வாரங்கள் தன்னார்வலர்கள் வந்து, நிலத்தடியில் இருக்கிற பழைய அடுப்பைப் பற்றவைத்து ரொட்டி சுடுகிறார்கள். நீங்கள் போகும்போது அடுப்பு எரிந்தால் அதிர்ஷ்டம். இங்கே கூடாரம் போடலாம், இரவில் சுவர்களுக்கு மேல் நட்சத்திரம்.

அடுத்தது மர்ரீ. பழைய 'கான்' ரயிலின் எஞ்சின்கள் இன்னும் பழைய நடைமேடையோரம் நிற்கின்றன. ஒட்டகம் ஓட்டி வந்தவர்களை எல்லாம் 'ஆப்கன்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லின் வாலைத்தான் ரயிலுக்கு வைத்தார்கள். உண்மையில் அவர்களில் பலர் பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஆட்கள், கராச்சியில் கப்பலேறி வந்தவர்கள். ரயில் பாதையும் தந்திக் கம்பமும் போட அவர்களுடைய ஒட்டகம்தான் சுமந்தது. மர்ரீயில் அவர்கள் கட்டிய சின்னஞ்சிறு மசூதியின் மாதிரி ஒன்று இருக்கிறது. மண் சுவர், ஓலைக் கூரை, நம்மூர்க் குடிசை போல. பக்கத்தில் பேரீச்ச மரங்கள்.

ஊருக்கு மேற்கே பீடபூமியில் 'மர்ரீ மனிதன்' என்று தரையில் கீறிய ஒரு ராட்சத உருவம் உண்டு. 1998-ல் விமானத்திலிருந்து பார்த்தார்கள். யார் கீறியது என்று இன்றுவரை நிரூபணம் இல்லை. 2018-ல் டிக் ஸ்மித் என்கிற தொழிலதிபர், சொல்கிறவருக்கு 5000 டாலர் என்று அறிவித்தார், அப்படியும் யாரும் வரவில்லை. அந்த டிக் ஸ்மித் யாரென்றால், மேலே சொன்ன காஸ்னோவின் மகள் வயிற்றுப் பேரன். தரையிலிருந்து அந்த உருவம் தெரியாது. அதைத் தேடிக்கொண்டு வண்டியில் அலையாதீர்கள்.

மர்ரீயில்தான் ஊட்னடாட்டா பாதை தொடங்குகிறது. மார்லா வரை 600 கி.மீ.க்குச் சற்று மேல், மண் ரோடு. பாதை ஏன் அந்த வழியில் போகிறது என்று தெரிந்துகொண்டால் எதைப் படம் எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். பூமிக்கடியில் இருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை, கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு பரப்புக்கு விரிந்தது, தன் ஓரத்தில் அழுத்தம் தாங்காமல் ஊற்றாகக் கொப்பளிக்கிற இடங்கள் வரிசையாக இங்கே இருக்கின்றன. அரபானா பழங்குடி மக்கள் அந்த ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டுத்தான் நடந்தார்கள். 1862-ல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்கிற பயணி அதே வழியில் போய்க் கண்டத்தைக் கடந்தார். பத்து வருஷத்தில் தந்திக் கம்பி அவர் பின்னால் வந்தது. அப்புறம் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயிலும் அதே வழியில் வந்தது. 1891-ல் ஊட்னடாட்டா, 1929-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், 1980-ல் மூடுவிழா. இப்போது தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். கட்டைகளும் பாலங்களும் வெறிச்சோடிய நிலையங்களும் பாதை ஓரமாகவே வரும். கர்டிமர்க்கா நிலையத்தில் அரை மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும், ஒதுக்கி வையுங்கள்.

நான்காம் இரவு கவர்ட் ஸ்பிரிங்ஸ். மர்ரீயிலிருந்து சுமார் 130 கி.மீ.தான். சீக்கிரம் போய்ச் சேருங்கள், ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால்தான் மேட்டு ஊற்றுகள் இரண்டு: பிளாஞ்ச் கப், பப்ளர். மேட்டின் மேல் ஏறிப் பார்த்தால் பப்ளர் ஒரு சின்னக் குட்டை. ஓரத்தில் கோரை, நடுவில் தெளிந்த நீர், அடியில் சாம்பல் மணல். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மணல் மெதுவாகத் திரளும், கஞ்சி கொதிக்கும்போது நடுவில் எழுகிற மாதிரி ஒரு பெரிய வட்டம் மேலே வரும், பரவும், அமுங்கும். கொதிக்கிற மாதிரி தெரிகிறதே தவிர வெதுவெதுப்புதான். அந்த நீரில் பெரும்பகுதி கிழக்கே வெகுதொலைவில் மழையாக விழுந்து, பாறைக்குள் நடந்து வந்தது. பத்து லட்சம் வருஷப் பழசு என்றெல்லாம் கணக்கிடுகிறார்கள். அரபானா கதையில் அது சாகும் பாம்பின் துடிப்பு. பிளாஞ்ச் கப் அந்தப் பாம்பைச் சுட்ட அடுப்பு, பின்னால் தெரியும் குன்று அதன் தலை. அந்தப் பாதுகாப்புப் பகுதியின் பெயரான வப்மா கதர்பு என்பதற்கே பாம்பின் தலை என்றுதான் பொருள்.

இதை எப்படி எடுப்பது? அகல லென்ஸில் நின்றபடி எடுத்தால் சேற்றுக் குட்டை. 100 மி.மீ.க்கு மேல் போய், குமிழி மட்டும் சட்டத்தில் இருக்கும்படி, ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்குங்கள். மணல் வளையம் வளையமாக இழுபடும். நாற்பது படம் எடுத்தால் ஒன்று தேறும். அரை மணி நேரம் அதே குட்டையை வெறித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, வண்டியில் வந்த ஒரு பெரியவர், "ஏதாவது தொலைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் வில்லியம் கிரீக். ஒரு மதுக்கடை விடுதி, ஒரு விமான ஓடுதளம், பத்துப் பதினைந்து பேர். சுற்றிலும் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை. உலகத்திலேயே பெரிது என்று பெயர் வாங்கியது. இங்கே காசு செலவழியுங்கள்: கட்டி தண்டா–லேக் ஏர் மேல் பறக்கிற சின்ன விமானம். 9000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த உப்பு ஏரி, கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே, நாட்டிலேயே தாழ்ந்த இடம். பெரும்பாலும் காய்ந்த உப்பு. 1964-ல் டொனால்ட் காம்ப்பெல் அந்த உப்பின் மேல் மணிக்கு 648 கி.மீ. வேகத்தில் கார் ஓட்டிச் சாதனை படைத்தார். பத்தே வருஷத்தில், 1974-ல், அதே இடம் கடலாக நிரம்பியது. குவீன்ஸ்லாந்தில் பெய்கிற மழை வாரக்கணக்கில் ஆறுகளில் நடந்து இங்கே வந்து சேர்கிறது, 2025-லும் அப்படிப் பெரிய வரத்து. ஏரிப் படுகையில் இறங்கி நடக்க இப்போது அனுமதி இல்லை, அரபானா மக்களுக்கு அது புனிதமான இடம். ஆகவே விமானம்தான் வழி. போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், விமானத்தின் பிளாஸ்டிக் ஜன்னலில் அது வானவில் பட்டைகளைக் கொண்டுவரும். கறுப்புச் சட்டை போடுங்கள், வெள்ளைச் சட்டை ஜன்னலில் பிரதிபலித்துக் கொல்லும். லென்ஸை ஜன்னலில் சாய்க்காதீர்கள், அதிர்வு ஏறும். ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல். உப்பு வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து இருட்டாக எடுக்கும், ஒரு ஸ்டாப் கூட்டிவையுங்கள். செம்மண்ணில் இதற்கு நேர்மாறான தொல்லை: கேமரா தானே நிறம் திருத்துகிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பைத் தப்பென்று நினைத்துக் கழுவிவிடும். டேலைட்டில் பூட்டிவிட்டு ரா ஃபைலில் எடுங்கள்.

வில்லியம் கிரீக்கில்தான் என் மூன்றாவது பயணம் இரண்டு நாள் நின்றது. ராத்திரி மழை. நம்மூர்க் கணக்கில் தூறல். காலையில் பாதை முழுக்க மூடல். ஏன் இவ்வளவு சின்ன மழைக்கு மூடுகிறார்கள் என்று பார்க்க நாலடி எடுத்துவைத்தேன். ஐந்தாவது அடியில் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ மண், பரோட்டா மாவு மாதிரி. சக்கரத்துக்கும் அதே கதிதான், அதோடு ஈரத்தில் ஓட்டினால் பள்ளம் விழுந்து பாதை மாதக்கணக்கில் கெட்டுப்போகும். மூடிய பாதையில் போனால் அபராதம் பலமாக இருக்கும். கிளம்புமுன் தினமும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை அறிக்கையைப் பாருங்கள், விடுதிக்காரரிடமும் கேளுங்கள். திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா இருக்கட்டும். அந்த மூன்றாம் நாள் காலையில், கிப்பர் கற்கள் பரவிக் கிடக்கிற சமவெளியெங்கும் தேங்கிய குட்டைகளில் வானம் விழுந்து கிடந்தது. இன்றுவரை என் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

அங்கிருந்து வடக்கே ஊட்னடாட்டா சுமார் 200 கி.மீ. வழியில் நீல்ஸ் ஆற்றின் மேல் ஆல்ஜிபக்கினா ரயில் பாலம், 578 மீட்டர் நீளம், துருப்பிடித்த இரும்பு. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 பாகை செல்சியஸ் பதிவானது, நாட்டின் உச்ச வெப்பம். கோடையில் ஏன் வரக்கூடாது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கி.மீ.யில் ஆர்க்கரிங்கா குன்றுகள், பெயின்ட்டட் டெஸர்ட் என்பார்கள்: மஞ்சள், செம்பு, வெள்ளை அடுக்கடுக்காக. இங்கேயும் பக்கத்தில் ஓர் இரவு தங்கிக் காலையில் எடுங்கள். பிறகு கூபர் பீடி, இரண்டு இரவு. 1915-ல் ஒரு பதினான்கு வயதுப் பையன் ஓப்பல் கல்லைக் கண்டெடுத்ததில் பிறந்த ஊர். வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் பூமிக்குள் வாழ்கிறது, தேவாலயம்கூட. ஊருக்கு வடக்கே பிரேக்அவேஸ் குன்றுகள், அதற்கப்பால் டிங்கோ என்கிற காட்டு நாய்களைத் தடுக்க 5000 கி.மீ.க்கு மேல் ஓடும் டிங்கோ வேலி. ஒன்பதாம் நாள் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் போர்ட் அகஸ்டா, சுமார் 540 கி.மீ., வழியில் லேக் ஹார்ட் உப்பு ஏரியில் மட்டும் நிறுத்துங்கள். பத்தாம் நாள் அடிலெய்டு.

லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். 16–35 வாங்காதீர்கள். அவுட்பேக், அதாவது ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட பகுதி, பெரிது, ஆகவே அகல லென்ஸ் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அகல லென்ஸில் பாலைவனம் என்பது நடுவில் ஒரு கோடு, மேலே நீலம், கீழே சிவப்பு, அவ்வளவுதான். தூரத்தைத் தூரமாகக் காட்டுவது, தொலைவில் இருப்பதை அருகே இழுக்கிற டெலி லென்ஸ்தான். 70–200 அல்லது 100–400 வாடகைக்கு எடுங்கள். கானலில் மிதக்கும் ரோடு ட்ரெயின் (பல பெட்டிகளை இழுக்கும் நீள லாரி), ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மலைமுகடுகள், எதிர்வெயிலில் புழுதி, எல்லாம் அதில்தான் வரும். அகலம் வேண்டியது இரவுக்கு மட்டும். அதற்குக் கையால் குவியம் வைக்கிற மலிவான 14 மி.மீ. எஃப் 2.8 போதும்.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்வீதியின் மையம் தனுசு–விருச்சிக எல்லையில், நம் மூல நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது. கோவையில் அது தெற்கே பாதி உயரம்தான் ஏறும், அதுவும் ஊர் வெளிச்சத்தில் தெரியாது. வில்லியம் கிரீக்கில் ஜூலை நடுவில் இரவு பத்தரை மணிவாக்கில் அது தலைக்கு நேர் மேலே நிற்கும். வெறுங்கண்ணுக்கே இருட்டுப் பட்டைகள் தெரியும். நிலா இருந்தால் இதெல்லாம் இல்லை. எனவே டிக்கெட் போடும் முன் தினசரிக் காலண்டரில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு ஐந்து நாள் முன்பின்னாக வில்லியம் கிரீக் வரும்படி அமையுங்கள். எஃப் 2.8, இருபது நொடி, ஐஎஸ்ஓ 3200-ல் தொடங்குங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் குவியம் சரிபார்த்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். குளிர் சில இரவுகளில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், பேட்டரியைப் போர்வைக்குள் வைத்துத் தூங்குங்கள்.

புழுதி விஷயத்தில் ஒரே விதி: வெளியே லென்ஸ் மாற்றாதீர்கள். முதல் பயணத்தில் மாற்றினேன். அறுநூறு படத்திலும் வானத்தில் ஒரே இடத்தில் ஏழு புள்ளி. மூன்று பேர் போகிறீர்கள், இன்னொரு பழைய பாடி கிடைத்தால் கடன் வாங்கி ஆளுக்கொரு லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுதியைவிடக் கொடியது அதிர்வு. பாதை துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும். ஒரு நாள் ஓட்டத்தில் டிரைபாட் தலையின் திருகு தானாகக் கழன்று டிக்கியில் உருண்டுகொண்டிருந்தது. கேமரா பையை டிக்கியில் போடாமல், பின் சீட்டில் தலையணை மேல் வைத்து சீட் பெல்ட் போடுங்கள். ராத்திரி எல்லாத் திருகையும் தொட்டுப் பாருங்கள்.

வண்டி: சாதாரண கார்களுக்கு மண் ரோட்டில் போக வாடகைக்காரர்கள் அனுமதிப்பதில்லை. மண் ரோட்டுக்கு எழுத்தில் அனுமதியுள்ள ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள், முடிந்தால் இரண்டு ஸ்டெப்னி. மண் ரோட்டில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, 80-க்கு மேல் போகாமல் ஓட்டினால் கிப்பர் கல் கிழிப்பது குறையும். பெட்ரோல் மர்ரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா, ஏறக்குறைய 200 கி.மீ.க்கு ஒன்று, கிடைத்த இடத்தில் நிரப்புங்கள். செல்போன் பெரும்பாலான தூரத்துக்கு எடுக்காது. சேட்டிலைட் போனோ, அவசர பீக்கனோ வாடகைக்கு வாங்குங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளுக்குப் பத்து லிட்டர் கணக்கு.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகராதீர்கள். 1998 டிசம்பரில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இருவரின் வண்டி கட்டி தண்டா கரையில் மணலில் புதைந்தது. அங்கே தண்ணீர் இருந்தது. ஒருவர் அங்கேயே தங்கினார், பிழைத்தார். கூட வந்த பெண் உதவி தேடி வில்லியம் கிரீக்கை நோக்கி நடந்தார். வழியிலேயே இறந்துபோனார். வண்டி வானிலிருந்து தெரியும், மனிதர் தெரிய மாட்டார்.

ட்ரோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: இந்த மாநிலத்துத் தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பழங்குடி மக்களை, அவர்கள் வீடுகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஊட்னடாட்டாவில் கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடி கடைக்குள் போவதைக்கூட நான் தவிர்ப்பேன்.

சாப்பாடு. சைவம் என்றால் பர்கருக்கும் வறுத்த உருளைக்கிழங்குக்கும் நடுவில் பத்து நாள் ஓட்ட வேண்டும். புளிக்காய்ச்சல் செய்து எடுத்து வந்தால் சாதம் வடித்தால் போதும், ஆனால் விமான நிலையத்தில் உணவு இருப்பதாகப் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் அபராதம். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம் எதையும் ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள், வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். அடிலெய்டில் இந்திய மளிகைக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். சின்ன கேஸ் அடுப்பும் ஒரு குக்கரும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸில் நாங்கள் குக்கர் விசில் அடித்தபோது பக்கத்துக் கூடாரத்திலிருந்து மூன்று பேர் டார்ச்சோடு ஓடிவந்தார்கள்.